நஞ்சை நைனாவின் செருப்பு

மண்ணைக் கண்டால் செருப்பைக் கழற்றுவதும், மனிதரைக் கண்டால் அதே செருப்பைத் தூக்குவதும் கும்மிடிப்பூண்டி வட்டாரத்திலேயே ஒருவர்தான். எங்கள் ஊர் நஞ்சை நைனா.

வரப்பில் ஏறுமுன் பனைமரத்தடியில் செருப்பை விட்டுவிடுவார். டிராக்டர்காரருக்கும் அதே சட்டம். கம்பெனி ஷிப்டுக்கு அவர் வரப்பு வழியாகக் குறுக்கே போகும் என்னைச் சும்மா விடுவாரா?

"யோவ், முருகன் சன்னதிக்கு ஷூ போட்டுக்கினு போவியா? கழட்டு!"

திருத்தணிக்கு மாலை போடுகிறவன் நான். கனத்த ஷூவைக் கையில் தூக்கிக்கொண்டுதான் வேலைக்குப் போவேன். டீக்கடையில் அவர் கழனியை வீட்டுமனை போல 'சைட்' என்ற ஒருவன், செருப்பு தூக்கியதைப் பார்த்துப் பஜ்ஜியைப் பாதியில் போட்டுவிட்டு ஓடினான்.

ஒருநாள் கோயில் வாசலில் ஒரு நிலத் தரகர் ஊரைக் கூட்டினார். "நைனா கழனி வெறும் புஞ்சை. தண்ணியே நிக்காது. நஞ்சைன்னா குடோன் கட்ட வுட மாட்டாங்க. ஆபீசர் வந்து கேட்டா எல்லாரும் புஞ்சைன்னே சொல்லுங்க, குடோன் வந்துரும்."

ஊரே தலையாட்டியது. அந்தக் கழனிச் சோற்றைத் தின்று வளர்ந்த தலைகள் அவை. சாமி எதிரிலேயே பொய்!

கூட்டத்தில் உட்கார்ந்திருந்த நைனா கையில் செருப்போடு எழுந்தார். "நஞ்சைன்னா இன்னா தெரியுமாடா? நன்செய். செய்யின்னா கழனி. நல்ல கழனின்னு பேரு வெச்சுட்டுப் போயிருக்கான் பெரியவன். புஞ்சைன்னா புன்செய், தண்ணி பத்தாத அற்பக் கழனி. சோறு போட்ட தாய அற்பம்னு சொல்றியா?"

"பேஜாரு பண்ணாத நைனா. காஞ்ச பூமிதான அது?" என்றார் தரகர்.

"காஞ்ச பூமின்னா எறங்கிக் காட்டு. இப்பவே எழுதிக் குடுக்கறேன்."

உடனே துள்ளிக்கொண்டு கிளம்பினார் தரகர். பின்னாலேயே ஊர். முந்தின வாரம் தண்ணீர் கட்டி, சேறாகும்படி சேடை உழவு ஓட்டியிருந்த கழனி. மேலே மட்டும் வெயிலில் காய்ந்து ஆடை கட்டியிருந்தது. "ஷூவக் கழட்டிட்டு எறங்குங்க" என்றேன். கேட்டால்தானே! குதித்தார். முழங்கால் வரை போனார்.

வரப்பில் நின்று நைனா கத்தினார்: "சொல்லுடா, இது இன்னா?"

"நஞ்சை நைனா, நஞ்சை! தூக்கி வுடுங்க!"

தூக்கினோம். ஆள் வந்தார், ஷூ வரவில்லை. தலையாட்டிய ஊர் தலையைக் குனிந்துகொண்டு போனது. குடோன் பேச்சு அன்றோடு செத்தது.

அறுப்பு முடிந்ததும் புது அரிசியோடு என் வீட்டுக்கு வந்தார். "மொதல்ல முருகனுக்கு வையி. அப்பறம் கொட்டிக்கோ!" அதற்கும் திட்டு.

இப்போது மூட்டுவலி, வீட்டோடு கிடக்கிறார். மகன்தான் பயிர் வைக்கிறான். வரப்பில் அதட்ட ஆளில்லை. ஆனாலும் பனைமரம் வந்ததும் என் கை தானாக ஷூ கயிற்றுக்குப் போகிறது. அவிழ்த்துக்கொண்டே, மூட்டுவலி தீரணும் முருகா, அந்த வாய் மட்டும் அப்படியே இருக்கணும் என்று வேண்டிக்கொள்கிறேன்.