நான் ஜெயித்த உலகப் போர்

இனிமேல் இந்த வீட்டில் என் பேச்சுதான் எடுபட வேண்டும் என்று அன்று காலை பல் துலக்கும்போதே தீர்மானித்துவிட்டேன். உரக்கச் சொல்லவில்லை. வாயில் நுரை இருந்தது.

விஷயம் இதுதான். எங்கள் மகள் வேலை கிடைத்து வெளியூர் போய்விட்டாள். அவள் அறை காலி. அது எனக்கும் வேண்டும், என் மனைவிக்கும் வேண்டும். மனைவி தையல்காரி. கூடத்து ஜன்னலோரம் அவளுடைய மெஷின், துணி மூட்டைகள், அளவு கொடுக்க வரும் பெண்கள் என்று ஒரு சாம்ராஜ்யமே நடக்கிறது. நான் கண்ணாடிக் கடையில் பவர் பார்ப்பவன். ஊர்க் கண்களையெல்லாம் சரிபார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தால், உட்கார ஒரு நாற்காலி கிடையாது. நாற்காலி இருக்கும், அதன்மேல் யாருடைய பாவாடையாவது உட்கார்ந்திருக்கும்.

எனக்கு எதற்கு அறை? ஒரே ஒரு கேள்விக்காக. இரண்டாம் உலகப் போரில் பெரும்பாலான சிப்பாய்கள், ஒவ்வொரு முறை சுட்ட பிறகும் கையால் தாழை இழுத்துத் தள்ள வேண்டிய துப்பாக்கியோடுதான் ஓடினார்கள். மெஷின் கன் சடசடவென்று சுடும், ஆனால் தனி ஆள் தூக்கிக்கொண்டு ஓட முடியாது. இரண்டுக்கும் நடுவில், சின்னத் தோட்டா போட்டு ஓடிக்கொண்டே சுடக்கூடிய அசால்ட் ரைஃபிள் ஜெர்மன்காரர்களுக்குப் பெருமளவில் கிடைத்தது போர் முடியப்போகும் சமயத்தில்தான். அதுவே சில வருஷம் முன்னால் கிடைத்திருந்தால்?

இந்த 'இருந்தால்' என்னைப் பாடாய்ப் படுத்தியது. கடையில் ஒரு பெரியவரிடம் எழுத்துப் பலகையைக் காட்டி, "எதிரி தெரியறானா?" என்று கேட்டுவிட்டேன்.

மனைவியிடம் சொன்னேன். பாதி கத்தரித்த துணியிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டாள்.

"அந்தப் பாவிங்க கையில துப்பாக்கியைக் கொடுத்து ஜெயிக்க வைக்கணுமா உங்களுக்கு?"

"ஜெயிக்க வைக்கணும்னு இல்ல. ஜெயிச்சிருப்பாங்களான்னு தெரிஞ்சுக்கணும்."

"தெரிஞ்சு?"

பதிலுக்குச் சவால் விட்டேன். சாப்பாட்டு மேசையில் போரை நடத்திப் பார்ப்போம். புதுத் துப்பாக்கி எனக்கு, பழசு அவளுக்கு. நான் ஜெயித்தால் அறை என்னுடையது. போர் ஆராய்ச்சி நடக்கும். தோற்றால் அவளுடையது. பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற சரித்திர வாத்தியார்தான் நடுவர். அவள் உடனே ஒத்துக்கொண்டாள். அங்கேயே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

விதிகளை நானே வகுத்தேன். சட்டைப் பட்டன்கள் சிப்பாய்கள். எனக்குக் கறுப்பு, அவளுக்கு வெள்ளை. தீக்குச்சி தோட்டா. பழைய துப்பாக்கி ஒரு குச்சியைத் தின்றுவிட்டு ஒரு தடவை பகடை உருட்டும்; இரட்டைப்படை விழுந்தால் எதிரி பட்டன் ஒன்று காலி. புதுத் துப்பாக்கிக்கு மூன்று குச்சி, மூன்று உருட்டல். குச்சி தீர்ந்தால் சிப்பாய் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். எல்லாம் உண்மையை ஒட்டி இருக்க வேண்டும் என்பது என் பிடிவாதம்.

"மூணு மடங்கு வேகமா சுட்டா மூணு மடங்கு தோட்டா வேணுமே" என்றாள் மனைவி. "அதுவும் புது அளவுத் தோட்டாங்கறீங்க. யாரு செய்வாங்க, யாரு கொண்டுவருவாங்க?"

"இதைத்தான் சரித்திரக்காரங்களும் கேக்கறாங்கம்மா" என்றார் வாத்தியார்.

அதெல்லாம் அப்புறம் பார்க்கலாம் என்று நான் சுட ஆரம்பித்தேன். வெள்ளைப் பட்டன்கள் மளமளவென்று விழுந்தன. என் மனைவி எதிர்க்கவே இல்லை. பின்வாங்கினாள், இன்னும் பின்வாங்கினாள், தண்ணீர்க் குவளைக்குப் பின்னால் போய் ஒளிந்தாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. குவளையையே சுட்டேன். தீப்பெட்டி காலி.

வீட்டில் அடுப்பு லைட்டரில் எரிகிறது. வேறு தீக்குச்சி கிடையாது. இப்போது அவள் முன்னேறியிருந்தால் என் சேனை சட்டினி. ஆனால் அவள் என்ன சொன்னாள் தெரியுமா?

"அவசரமே இல்லைங்க. நான் காத்திருக்கேன். முனைக் கடைக் குச்சி நமுத்துப்போயிருக்கும். மார்க்கெட் வரைக்கும் போய் நல்லதா பாத்து வாங்கிட்டு வாங்க."

இவ்வளவு கண்ணியமான எதிரி எந்தத் தளபதிக்குக் கிடைத்தார்? வெயிலைப் பொருட்படுத்தாமல் மார்க்கெட்டுக்கு நடந்தேன். ஒரு கடைக்கு இரண்டு கடை பார்த்து, ஒவ்வொரு பெட்டியையும் குலுக்கிப் பார்த்து வாங்கினேன்.

திரும்பி வந்தபோது பட்டன்கள் வைத்த இடத்திலேயே இருந்தன. கூடம் மட்டும் வழக்கத்தைவிட விசாலமாகத் தெரிந்தது. வெற்றி நெருங்கும்போது அப்படித்தான் தோன்றும் என்று நினைத்துக்கொண்டேன். நடுவர் துண்டால் வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தார். போரின் உக்கிரம் அவரையும் பாதித்திருக்கிறது, பாவம்.

அதன்பிறகு நடந்ததைப் போர் என்று சொல்ல முடியாது. கடைசி வெள்ளைப் பட்டனைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்து நின்றேன்.

"சரித்திரம் மாறிடுச்சு சார்" என்றேன்.

வாத்தியார் என் முகத்தைப் பார்க்காமல் பேசினார். "சண்டையில ஜெயிச்சிருப்பாங்க தம்பி. ஆனா தோட்டாவுக்கு ஆள் போன நேரத்துல அந்தப் பக்கம் சும்மா உக்காந்திருக்க மாட்டாங்க."

இதில் என்ன இருக்கிறது என்று யோசிக்காமல் மனைவியிடம் அறையைக் கேட்டேன். "தாராளமா எடுத்துக்குங்க" என்றாள்.

கதவைத் தள்ளினேன். உள்ளே தையல் மெஷின். வெட்டு மேசை. துணி மூட்டைகள். நடுவில் கையைத் தூக்கிக்கொண்டு வாத்தியாரின் மனைவி, பக்கத்தில் அளவு நாடாவோடு, என் மனைவியிடம் தையல் பழகும் பெண். இரண்டு பேரும் போட்ட சத்தத்தில் கதவு தானாகவே சாத்திக்கொண்டது போலிருந்தது.

"நடுவர் நீங்க இதுக்குத் துணை போகலாமா?" என்று வாத்தியாரைப் பிடித்தேன்.

"நான் மெஷினை ஒரு பக்கம்தான் தூக்கிப் பிடிச்சேன்" என்றார் அவர். என் மனைவி தைத்துக் கொடுத்த புதுக் கால்சட்டை அவர் இடுப்பில் கச்சிதமாக இருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

மனைவி என் தோளில் தட்டினாள். "ஜெயிச்சது நீங்கதான். அறையும் உங்களுதுதான். அளவு எடுக்கறப்ப மட்டும் ஆம்பளைங்க உள்ள வரக்கூடாது, அவ்வளவுதான்."

"எப்ப அளவு எடுக்க மாட்ட?"

"தட்டிப் பாருங்க. எடுக்கலைன்னா திறப்பேன்."

நியாயமான நிபந்தனைதான். அன்றிலிருந்து என்னுடைய அறைக் கதவை நான் தினமும் தட்டிக்கொண்டிருக்கிறேன்.