ஐம்பத்தெட்டுச் சேவையாளர்களும் ஒரு மங்கையற்கரசியும்

வாவியோரத்துப் பிரதேசம் ஒன்றில், மாற்றுத்திறனாளிகளுக்காக உழைத்தவர்களைக் கௌரவிப்பதென்று அங்குள்ள அரச கந்தோர் தீர்மானித்தது. எந்தப் பிரதேசம் என்று சொல்வதற்கில்லை. சொன்னால் விளக்கம் கோரிக் கடிதம் வரும்.

தீர்மானம் நல்ல தீர்மானம்தான். அதற்கான கூட்டம் காலை ஒன்பதரைக்குத் தொடங்கி, மத்தியானச் சோற்றுப் பார்சல் வரும்வரை நடந்தது. முதல் இரண்டு மணித்தியாலமும் அந்த மக்களை என்ன பெயரால் அழைப்பது என்பதிலேயே போயிற்று. போன வருடத்துப் பெயர் இந்த வருடம் பழசாகிவிட்டதாம். 'வலுவிழந்தோர்' என்றால் மனம் நோகும். 'விசேட தேவையுடையோர்' என்றால், என்ன தேவை என்று யாராவது கேட்டுத் தொலைப்பார்கள். சம்பந்தப்பட்ட ஆட்களிடமே கேட்டுப் பார்க்கலாமே என்று எழுதுவினைஞர் ஆர்த்திகா மெல்லச் சொன்னாள்.

"அவங்க ஒருத்தரும் கூட்டத்துக்கு வரல்லையே பிள்ள," என்றார் பொறுப்பதிகாரி நல்லரத்தினம், உண்மையான வருத்தத்தோடு. கூட்டம் மேல்மாடியில், இருபத்தாறு படிகளுக்கு மேலே நடந்துகொண்டிருந்தது.

இவ்வளவும் மங்கையற்கரசிக்கு ஆர்த்திகா வந்து சொல்லித்தான் தெரியும். மங்கையற்கரசி தையல் மெஷின் திருத்துகிறவள். மூன்று வயதில் வந்த காய்ச்சல் இரண்டு கால்களையும் கொண்டுபோய்விட்டது. கைகளை விட்டுவைத்தது, நாக்கையும் விட்டுவைத்தது. கையால் சுற்றி ஓட்டும் முச்சக்கர வண்டியில் களுவாஞ்சிக்குடிச் சந்தைவரை தானே போய், பெல்ட்டும் ஊசியும் வாங்கி வருவாள். ஆர்த்திகாவின் அம்மாவுடைய மெஷின் அன்றைக்கு அவள் மடியில் பிரித்துக் கிடந்தது.

"அக்கா, ஒரு புதினம்," என்றாள் ஆர்த்திகா. "விருது வேணுமெண்டு விண்ணப்பிக்கிற ஆக்கள், தங்களால பயன்பெற்ற ஒராளிட்ட படிவத்தில ஒப்பம் வாங்க வேணும். ஒப்பம் போடுறவர் இந்த வருசப் பதிவைப் புதுப்பிச்சவராயிரிக்க வேணும்."

"அதில என்ன புதினம்?"

"புதுப்பிச்சது நீங்க ஒராள்தான்."

பதிவு என்பது வருடாவருடம் புதுப்பிக்க வேண்டியது. போன வருடம் நடக்காத கால் இந்த வருடமும் நடக்கவில்லையா என்று அரசாங்கம் பார்த்துக்கொள்ள வேண்டுமல்லவா. அதற்கு ஆள் நேரில் தோன்ற வேண்டும். தோன்ற வேண்டிய மேசை மேல்மாடியில் இருந்தது. ஏற முடியாதவர் வரவில்லை. வராதவர் பதியப்படவில்லை. பதியப்படாதவர் இல்லை. இந்தக் கணக்கின்படி பிரதேசத்தில் மாற்றுத்திறனாளிகள் வேகமாகக் குறைந்து வருகிறார்கள் என்று கந்தோர் நாலு வருடமாக மேலிடத்துக்கு மகிழ்ச்சியுடன் அறிக்கை அனுப்பிக்கொண்டிருந்தது.

மங்கையற்கரசி மட்டும் எப்படி மேலே போனாள் என்றால், அது ஸஹீதா செய்த வேலை. ஸஹீதாவின் தம்பி றிஸ்வி தென்னையிலிருந்து விழுந்து முள்ளந்தண்டு முறிந்தவன். தம்பிக்காகக் கந்தோர் வாசலுக்கு வந்தவள், அங்கே படிக்குக் கீழே காத்து நின்ற மற்றவர்களையும் கண்டாள். அன்று தொடங்கி எட்டு வருடமாக எல்லாருக்குமாகக் கடிதம் எழுதுகிறாள். வாசலில் சாய்வுப் பாதை போடுங்கள், மேசையைக் கீழே இறக்குங்கள். கேட்டது இவ்வளவுதான். நாற்பத்து மூன்று கடிதம். போன தை மாதம் அவள் படிக்குக் கீழே நின்று நாற்பத்து மூன்றாவது கடிதத்தைச் சத்தமாக வாசிக்கத் தொடங்கினாள். இரண்டாம் பக்கம் வருவதற்குள் காவலாளியும் இரண்டு சிற்றூழியர்களும் ஓடிவந்து, வாசிப்பை நிறுத்துவதற்காக, பக்கத்தில் காத்திருந்த மங்கையற்கரசியைக் கதிரையோடு தூக்கிக்கொண்டு மேலே போய்விட்டார்கள். அன்றைக்கு றிஸ்விக்குக் காய்ச்சல். அதனால் அவன் பதிவு விட்டுப்போனது.

அடுத்த நாள் காலையிலிருந்து மங்கையற்கரசியின் வாழ்க்கை தாங்க முடியாத அளவுக்கு முன்னேறியது.

முதலில் வந்தவர் இரும்புக்கடை கச்சி முகம்மது. ஒரு வெள்ளைப் பிரம்பு கொண்டுவந்தார்.

"காக்கா, எனக்குக் கண் தெரியும்," என்றாள் மங்கையற்கரசி.

"வச்சிக்கங்க தங்கச்சி. நாளைக்கு என்ன நடக்குமெண்டு யாருக்குத் தெரியும்," என்று அவர் ஆறுதல் சொல்லி, பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்.

பிறகு ஒளிக்கதிர் நண்பர்கள் கழகத் தலைவர் தங்கராசா மாஸ்டர் வந்தார். அவர் கழகம் காது கேட்கும் கருவி கொண்டுவந்தது. இன்னொரு சங்கம் சுவர் மணிக்கூடு. இன்னொன்று தன்னம்பிக்கை பற்றி ஒன்றரை மணித்தியாலப் பேச்சு. ஒரு மகளிர் அணி அவளைச் சுற்றி நின்று, அவளை வலுவூட்டிவிட்டு, தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனது. தேத்தண்ணி போட்டது மங்கையற்கரசி. றோட்டைக் கடக்க நின்றால் நாலு பக்கத்திலிருந்தும் ஆட்கள் ஓடிவந்து கடத்திவிட்டார்கள். ஒருநாள் அவள் கடக்க விரும்பாத பக்கத்துக்கும் இரண்டு தரம் கடத்தப்பட்டாள். திருத்தக் கொடுத்த மெஷின்கள் மூலையில் குவிந்தன. வெள்ளைப் பிரம்பு மட்டும், மேசைக்குக் கீழே உருண்டுபோகும் நூல் உருளையை இழுத்தெடுக்க உதவியது.

ஒரு கிழமையில் விண்ணப்பதாரர் தொகை ஐம்பத்தெட்டானது. அவள் யாருக்கும் ஒப்பம் வைக்கவில்லை. முதல் ஒப்பம் யாருக்கென்று அவளுக்குத் தெரியும். ஸஹீதாவுக்குத் தெரியாமலே அவள் பேரில் படிவத்தை நிரப்பி, 'ஆற்றிய சேவை' என்ற இடத்தில் 'எங்களுக்காகச் சண்டை பிடித்தது' என்று எழுதி, ஒப்பம் வைத்து ஆர்த்திகாவிடம் கொடுத்தனுப்பினாள்.

மூன்றாம் நாள் படிவம் திரும்பி வந்தது. விதி ஒன்பதின்படி விண்ணப்பதாரர் கந்தோருடன் நல்லுறவைப் பேணியவராக இருத்தல் வேண்டும். மேற்படி ஸஹீதா என்பவரின் கடிதக் கோவை 'இடையூறுகள்' என்ற தலைப்பின் கீழ்ப் பேணப்பட்டு வருவதால் விண்ணப்பத்தைப் பரிசீலிக்க இயலாமைக்கு வருந்துகிறோம்.

மங்கையற்கரசி அதை இரண்டு தரம் வாசித்தாள். பிறகு தங்கராசா மாஸ்டருக்குப் போனில் கோல் எடுத்தாள்.

"மாஸ்டர், எல்லாரையும் நாளைக்கு வரச் சொல்லுங்க. ஒரு கதை இரிக்கி."

ஐம்பத்தெட்டுப் பேரும் வளவு நிறைய வந்து நின்றார்கள்.

"நான் ஒருத்தி," என்றாள் மங்கையற்கரசி. "ஐம்பத்தெட்டுப் பேரும் எனக்கே சேவை செஞ்ச எண்டு போட்டா, நான் உயிரோட இரிக்கனா எண்டு மேலிடத்தில சந்தேகம் வரும். ஒண்டு செய்யுங்க. ஊருக்குள்ள பதிவு விட்டுப்போன ஆக்கள் எத்தினை பேர். ஆளுக்கு ரெண்டு பேர், மூணு பேரைப் பிடிங்க. மேல கொண்டுபோய்ப் பதிவப் புதுப்பிச்சுக் குடுங்க. அவங்க உங்களுக்கு ஒப்பம் போடுவாங்க. அது உண்மையான ஒப்பம்."

"மேல எப்படிக் கொண்டுபோறது?" என்றார் கச்சி முகம்மது.

"தூக்கித்தான் காக்கா. சேவையெல்லோ."

அந்த ஒரு கிழமை கந்தோர்ப் படிகள் கண்ட காட்சியை அதற்கு முன் யாரும் கண்டதில்லை. சங்கத் தலைவர்களும் டியூசன் மாஸ்டர்மாரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கதிரைகளை மேலே ஏற்றினார்கள். கச்சி முகம்மது றிஸ்வியை முதுகில் சுமந்து போனார். பதின்மூன்றாவது படியில் நின்று மூச்சு வாங்கினார், படமும் எடுத்துக்கொண்டார். தூரத்து உன்னிச்சைப் பக்கத்தில் மகளோடு போயிருந்த ஒரு கிழவரைக்கூட ஓட்டோ பிடித்துத் தேடிக்கொண்டு வந்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமை மாலை நூற்று நாற்பது பேர் பதியப்பட்டிருந்தார்கள். மங்கையற்கரசிக்கு மனம் குளிர்ந்தது. ஒரு சூழ்ச்சியால் நாலு வருட வேலையை ஒரு கிழமையில் முடித்தாகிவிட்டது.

திங்கட்கிழமை ஸஹீதா கையில் ஒரு கடிதத்தோடு வந்தாள். எட்டு வருடத்தில் கந்தோர் அவளுக்கு எழுதிய முதலாவது பதில் அது.

"வாசி புள்ள," என்றாள்.

'தங்களது நாற்பத்து மூன்று கடிதங்கள் சார்பானது. கடந்த வாரம் நூற்று நாற்பது மாற்றுத்திறனாளிகள் எவ்வித முறைப்பாடுமின்றி மேல்மாடிக்கு வருகை தந்துள்ளமையினால், படிகள் தடையல்ல என்பது ஐயந்திரிபற நிரூபணமாகியுள்ளது. எனவே சாய்வுப் பாதை, மேசை இடமாற்றம் ஆகியன அவசியமற்றவை எனத் தீர்மானிக்கப்பட்டு, விடயம் இத்துடன் முடிவுறுத்தப்படுகின்றது.'

கீழே நல்லரத்தினத்தின் ஒப்பம்.

"நான் நல்லதுக்குத்தான் ராத்தா செஞ்சன்," என்றாள் மங்கையற்கரசி.

"தெரியும். நல்லதுக்குச் செய்யாத ஆள் இந்த ஊரில யாரு இரிக்கா," என்றாள் ஸஹீதா. அவள் கோபப்பட்டிருந்தால் தாங்கியிருக்கலாம். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழும்பிப் போனாள். அன்று முழுக்க மங்கையற்கரசிக்கு ஒரு மெஷினிலும் கை ஓடவில்லை.

விழா அடுத்த சனிக்கிழமை, அதே மேல்மாடி மண்டபத்தில். பயனாளிகள் நூற்று நாற்பது பேரும் மங்கையற்கரசியும் காலையிலேயே பக்குவமாகத் தூக்கி வரப்பட்டு வரிசையாக வைக்கப்பட்டார்கள். றிஸ்வியோடு ஸஹீதாவும் வந்திருந்தாள். மங்கையற்கரசியைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தாள். ஐம்பத்தெட்டுப் பேருக்கும் பொன்னாடை போர்த்தி, கேடயம் கொடுத்து, 'ஒளியேற்றிய உத்தமர்', 'கருணைக் கடல்' என்று ஆளுக்கொரு பட்டமும் கொடுத்தார்கள். கருணைக் கடல் பட்டத்தை ஏழு பேர் கேட்டிருந்தபடியால் ஏழு கடல்கள் உண்டாயின.

பிறகு உத்தமர்களும் கடல்களும் கேடயங்களோடு கீழே இறங்கி, வீட்டுக்குப் போய்விட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல ஏலாது. விருதுக்கு முதல் செய்வது சேவை. விருதுக்குப் பிறகும் செய்தால் அதற்குப் பேர் வேலை.

மண்டபத்தில் நூற்று நாற்பது பேரும் மங்கையற்கரசியும் ஸஹீதாவும் ஆறு உத்தியோகத்தர்களும் மிஞ்சினார்கள். இறங்குவதற்காக நகர்ந்து வந்த கதிரைகள் வாசலை அடைத்துக்கொண்டு நின்றன. அவர்கள் இறங்காமல் இவர்கள் வெளியேற வழியில்லை. நல்லரத்தினம் ஒளிக்கதிர்க் கழகத்துக்குக் கோல் எடுத்தார். போன் அடித்துக்கொண்டே இருந்தது.

"எப்படி இறங்குறது?" என்றார் பொதுவாக.

"படி தடையில்லையே சேர்," என்றாள் ஸஹீதா.

அவர் அவளைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார். பிறகு சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு, சட்டைக் கையை மடித்துக்கொண்டு, தானே ஒரு கதிரையைப் பிடித்தார். சும்மா சொல்லக்கூடாது, மனிசன் உழைத்தார். பொழுது சாயும்வரை ஆறு பேரும் காவலாளியும் ஸஹீதாவும் ஏறி இறங்கினார்கள். மங்கையற்கரசியை இறக்கியபோது அவருக்கு வேர்த்து ஒழுகியது.

"எட்டு வருசமா இந்தப் படியில ஏறுறன் தங்கச்சி," என்றார் மூச்சு வாங்கிக்கொண்டு. "இவ்வளவு படி இரிக்கெண்டு இண்டைக்குத்தான் தெரியும்."

எல்லாரும் இறங்கிய பிறகு, மேலே விட்டுவந்த சப்பாத்தை எடுக்கப் போனார். அதைப் போட்டுக்கொண்டு, யாரையும் சுமக்காமல் திரும்பி இறங்கும்போதுதான் கால் தவறியது. பதினாலு படி உருண்டார். வலது கணுக்கால் இரண்டாக முறிந்தது. காவலாளி ஒரு பக்கமும் ஸஹீதா மறுபக்கமும் பிடித்து, மங்கையற்கரசியின் முச்சக்கர வண்டியில் இருத்தித்தான் அவரைப் பெரிய றோட்டுவரை கொண்டுபோனார்கள்.

இரண்டு கிழமை கழித்து அவர் சக்கர நாற்காலியில் வேலைக்கு வந்தார். வந்து, வாசலில் நின்றார். வாசலில் மூன்று படி, உள்ளே இருபத்தாறு.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் அரச கருமங்களில் காணக்கிடைக்காத வேகத்தில் நடந்தது. செவ்வாய்க்கிழமை அவருடைய மேசை, பதிவு மேசையோடு சேர்ந்து கீழே வந்தது. மேசையைத் தேடிக் கோவைகளும், கோவைகளைத் தேடி எழுதுவினைஞர்களும் வந்தார்கள். புதன்கிழமை சீமெந்து வந்தது. ஞாயிற்றுக்கிழமை வாசலில் சாய்வுப் பாதை காய்ந்துகொண்டிருந்தது. 'நிர்வாக வசதி கருதி' என்று குறிப்பில் எழுதப்பட்டது.

அந்தப் பாதையில் முதல் ஏறியவன் றிஸ்வி. ஸஹீதா பின்னால் நின்று, தள்ளாமல், கையைக் கட்டிக்கொண்டு பார்த்தாள். அவன் சக்கர நாற்காலியைத் தானே உருட்டி ஏறினான். மேலே போய்த் திரும்பி, இன்னொரு தரம் ஏறுவதற்காக இறங்கினான்.

"நாப்பத்தி மூணு கடிதம் மங்கை," என்றாள் ஸஹீதா. "எழுதின நேரத்தில ஒருத்தரைத் தள்ளிவிட்டிரிக்கலாம்."

இரண்டு பேரும் சிரித்து ஓய வெகுநேரமானது.

நல்லரத்தினம் குணமாகி நடந்தார். மேசை கீழேயே இருந்தது. திருப்பி மேலே ஏற்றுவதற்கு யாரும் அனுமதி கோரவில்லை. அடுத்த வருடம் விருதுக்கு அவருடைய பெயரைக் கந்தோரே முன்மொழிந்தது. பயனாளி ஒப்பம் கேட்டு ஆர்த்திகா படிவத்தோடு வந்தாள். மங்கையற்கரசி ஒப்பம் வைத்தாள்.

"இவருக்கா வைக்கிறாய்?" என்றாள் பக்கத்திலிருந்த ஸஹீதா.

"உள்ளதத்தானே எழுதியிரிக்கன், பாருங்க."

'ஆற்றிய சேவை' என்ற இடத்தில், 'படியால் விழுந்தது' என்று எழுதியிருந்தாள்.

படிவத்தை யாரும் வாசிக்கவில்லை. விழாவில் அறிவிப்பாளர் கணீரென்ற குரலில், "மாற்றுத்திறனாளிகளின் நலனுக்காகப் படியால் வீழ்ந்து அளப்பரிய சேவையாற்றியமைக்காக" என்று வாசித்தார். சபை எழுந்து நின்று கை தட்டியது. நல்லரத்தினம் கைகூப்பினார். ஸஹீதாவும் தட்டினாள், நீண்ட நேரம்.

அத்தோடு போயிருக்கும். ஆனால் விழா அறிக்கை மேலிடத்துக்குப் போனது. ஒரு மாதத்தில் சுற்றறிக்கை வந்தது. குறித்த பிரதேசத்தில் வெற்றியளித்த மேற்படி சேவையை ஏனைய பிரதேசங்களுக்கும் விரிவுபடுத்த உத்தேசிக்கப்பட்டுள்ளதால், ஒவ்வொரு கந்தோரும் மேல்மாடியில் கடமையாற்றும் பொருத்தமான உத்தியோகத்தர் ஒருவரின் பெயரை மாத முடிவுக்குள் சிபாரிசு செய்தல் வேண்டும். சேவையின் பயனை உறுதிப்படுத்துவதற்காக முதற்பயனாளி செல்வி மங்கையற்கரசி தலைமைக் கந்தோரின் மூன்றாம் மாடியில் நேரில் தோன்றுதல் வேண்டும். மின்தூக்கி திருத்த வேலையில் உள்ளது.

ஆர்த்திகா வாசித்து முடித்தாள். மங்கையற்கரசி கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தாள்.

பக்கத்திலிருந்த ஸஹீதா சுற்றறிக்கையை வாங்கி, 'மூன்றாம் மாடி' என்ற இடத்தில் விரலை வைத்தாள்.

"ஆர்த்திகா, அங்கத்தப் பெரியவர் ஆள் எப்படி மனே," என்று கேட்டாள், "பாரமான உடம்பா?"