தொட்டு நலம் கேட்கும் திட்டம்

“அம்மாவோட இருமல் போயிடுச்சுன்னா, இப்ப இருக்கிற காய்ச்சல் யாரோடது?” என்று ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி, முன்னொரு காலத்தில் நெடுவேலி நாட்டின் நலத்துறை அமைச்சரிடம் கேட்டாள். காசநோய் மருத்துவமனை வாசலில் ஓவியர்களும் எழுத்தர்களும் சூழ நின்ற அமைச்சர் வடிவுடைநாயகி அம்மையார், “அதுவும் உன் தாயார் உடன் கொண்டுவந்ததே” என்று விடை பகர்ந்தார். எழுத்தர்கள் குறித்துக்கொண்டார்கள். மாலைக்குள் அது சட்டமாயிற்று.

அந்தக் காய்ச்சல் அங்கே வந்த கதை இது.

நெடுவேலியை ஆண்ட சீர்வளவ மன்னருக்கு எல்லாம் இருந்தது. கண் மட்டும் எல்லை ஓடைக்கு அக்கரையில் இருந்தது. அக்கரையிலிருந்த கீழைக்கரை நாட்டின் அரசி ஒருமுறை காசநோயாளிகளின் கூடத்துக்குப் போய், அறுபது பேரின் நெற்றியையும் தொட்டு நலம் விசாரித்தாள். அந்தக் காட்சியை வரைந்த ஓவியம் நெடுவேலிச் சந்தையிலும் விற்றது. மன்னர் மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

நான்காம் நாள் ‘தொட்டு நலம் கேட்கும் திட்டம்’ பிறந்தது. அரசி தொட்டது அறுபது பேர் என்பதால், நெடுவேலி அதிகாரிகள் நாள்தோறும் நூற்றிருபது பேரைத் தொட வேண்டும் என்று ஆணையாயிற்று. தொட்டபின் கை கழுவக்கூடாது என்பது அடுத்த ஆணை. “தொட்டுவிட்டுக் கழுவுவது தீட்டுப் பார்ப்பது. எமது ஆட்சியில் தீட்டு இல்லை” என்று மன்னர் அறிவித்தபோது அவை எழுந்து நின்று கைதட்டியது. அந்தச் சொல்லில் பாதி உண்மை இருந்ததால் யாராலும் எதிர்த்துப் பேச முடியவில்லை. அக்கரை அரசியின் பக்கத்தில் ஒரு பணிப்பெண் தண்ணீரும் சவுக்காரமும் ஏந்தி நடந்திருந்தாள். படத்தின் அழகு கெடும் என்று ஓவியன் அவளை விட்டுவிட்டான்.

கீழைக்கரையில் இறுதி மருந்து என்று ஒன்றைப் பூட்டி வைத்திருந்தார்கள். நோயாளியின் கிருமியைத் தட்டில் வளர்த்துப் பார்த்து, வேறு எதற்கும் அது அடங்காது என்று தெரிந்தால்தான் பூட்டைத் திறப்பார்கள். கஞ்சர்கள் என்றார் மன்னர். நெடுவேலியில் அது தும்மலுக்கும் தரப்பட்டது. நோயாளியைப் பார்க்க வந்தவர்களுக்கும் வாசலிலேயே ஒரு வேளை தரப்பட்டது. ஓராண்டில் கிருமிகள் அந்த மருந்துக்குள்ளேயே குடித்தனம் நடத்தக் கற்றுக்கொண்டன. பிறகு அதிகாரிகளின் கைகளிலும் பணியாளர்களின் கைகளிலும் ஏறிக் கட்டில் கட்டிலாகப் பயணம் போயின. காசத்துக்கு வந்தவர்கள், காசம் தீரும் தறுவாயில், பெயரில்லாத ஒரு காய்ச்சலில் போனார்கள். பதிவேட்டில் எல்லாரும் காசத்தால் இறந்ததாகவே எழுதப்பட்டது.

கிழக்கு வரிசையில் மட்டும் அந்தக் காய்ச்சல் இல்லை. அங்கே பணி செய்தவள் ஆவுடை. அந்த வரிசையின் பதினேழாம் கட்டிலில் உப்பளத்துக்காரி செவ்வந்தி இருந்தாள். ஆறு மாத மருந்தில் ஐந்து மாதத்தை ஒரு நாளும் தவறாமல் விழுங்கி, சளியில் கிருமியில்லை என்ற சொல்லையும் வாங்கிவிட்டாள். இன்னும் ஒரு மாதம் போனால் மகளிடம் போகலாம்.

ஒருநாள் செவ்வந்தியின் நெற்றியை அமைச்சர் தொட்டுக்கொண்டிருந்தபோது, ஓவியர் தூரிகையைத் தாழ்த்தி, நோயாளியின் பார்வை சரியில்லை என்றார். செவ்வந்தி அமைச்சரைப் பார்க்காமல் கூடத்தின் மறுகோடியில் படுக்கை விரித்த ஆவுடையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்த வரிசை முழுவதுமே அப்படித்தான் பார்த்தது. வடிவுடைநாயகி அம்மையாரின் நெஞ்சில் எதுவோ புளித்தது. நூற்றிருபது நெற்றிகளை நாள்தோறும் தொட்டும் தமக்குக் கிடைக்காத ஒன்று, மாதச் சம்பளக்காரி ஒருத்திக்குக் கேட்காமலே கிடைத்துக்கொண்டிருந்தது.

விசாரணை அன்றே நடந்தது.

“உன் வரிசையில் மட்டும் காய்ச்சல் இல்லாததன் மர்மம் யாது?”

“கை கழுவுறேம்மா.”

“தொட்டபின் கழுவுவது குற்றமென அறியாயோ?”

“தொடுறதுக்கு முந்திதாம்மா கழுவுறேன். சாமி விளக்கைத் தொடுறதுன்னா கழுவிட்டுத்தான தொடுவோம்? இவங்களும் அப்படித்தானே.”

சட்ட ஆலோசகர் நெடுநேரம் சிந்தித்தார். இரண்டாம் நோயாளிக்கு முன் கழுவுவது முதல் நோயாளிக்குப் பின் கழுவுவதே ஆகும் என்று அவர் தீர்ப்புரைத்தார். ஆவுடை வேலையிழந்து, கையில் ஒரு துணி மூட்டையோடு ஓடையைக் கடந்து போனாள். பன்னிரண்டாம் நாள் செவ்வந்திக்குக் குளிர் எடுத்தது. அப்போதுதான் அவள் மகள் வாசலில் அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

அடுத்த வாரம் அமைச்சருக்கு முதுகில் ஒரு கட்டி வந்தது. மக்களோடு மக்களாக, ஓவியர் முன்னிலையில், அதே மருத்துவமனையில் அதைக் கீறிக்கொண்டார். மூன்றாம் நாள் காய்ச்சல். இறுதி மருந்து மூன்று முறை ஏறியும் இறங்கவில்லை. அம்மையார் புனித யாத்திரை செல்வதாக முரசறைந்துவிட்டு, மூடிய பல்லக்கில் கீழைக்கரை மருத்துவமனைக்குத் தூக்கிச் சென்றார்கள். நெடுவேலியில் பெரியவர்களின் யாத்திரைகள் எல்லாம் அந்தத் திசையில்தான் இருந்தன.

கண் விழித்தபோது தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. ஆவுடை கை கழுவிக்கொண்டிருந்தாள். துடைத்துக்கொண்டு வந்து, முதுகுக் கட்டைப் பிரித்து, புண்ணைத் துடைத்தாள். பதினெட்டு நாளும் அப்படியே செய்தாள். மருத்துவர்கள் கிருமியைத் தட்டில் வளர்த்து, அதை அடக்காத மருந்துகளை ஒதுக்கி, அடக்கிய ஒன்றைத் தந்தார்கள். காய்ச்சல் இறங்கியது.

“என்மேல உனக்குக் கோவமே இல்லையா?” என்று அமைச்சர் கேட்டார். அவர் வாயிலிருந்து வீட்டுப் பேச்சு வந்து வெகுகாலமாகியிருந்தது.

“இருந்துச்சும்மா. கை கழுவக் கழுவக் கொஞ்சங்கொஞ்சமாப் போயிருச்சு.”

கைம்மாறாக எதையும் கேள் என்றார் அம்மையார். “பதினேழாம் கட்டில் செவ்வந்தி வீட்டுக்குப் போயிட்டாளான்னு மட்டும் தெரிஞ்சா நிம்மதி” என்றாள் ஆவுடை. அம்மையார் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

ஊர் திரும்பி, கை கழுவும் ஆணை ஒன்று வேண்டும் என்று அவையில் மெல்லச் சொல்லிப் பார்த்தார். “அக்கரைக்குப் போய்வந்தவர் அக்கரைப் பாட்டையே பாடுகிறார்” என்று மன்னர் முகம் சுளித்தார். நம் நோயாளிகளைக் குணப்படுத்தித்தான் அவர்கள் புகழ் சேர்க்கிறார்கள் என்று அவருக்கு அன்று விளங்கிற்று. உயிரோடிருக்கும் எந்த நோயாளியும் எல்லையைக் கடக்கலாகாது என்று ஆணை பிறந்தது. தம் பெயருக்கு முன்னால் இருந்த பட்டங்களை நினைத்து அம்மையார் உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் முற்பகல், மன்னர் ஒரு நோயாளியைத் தொடும் இருபதடி ஓவியத்தின் திறப்பு விழா நடந்தது. மருத்துவமனையே காலியாக அங்கே போயிருந்தது. அம்மையார் தனியாகக் கிழக்கு வரிசைக்கு வந்தார். பதினேழாம் கட்டிலில் ஒரு உடம்பு பாயோடு பாயாகக் கிடந்தது. பதிவேட்டை எடுத்து, ‘செவ்வந்தி, காசத்தால் இறந்தாள்’ என்று எழுதிக் கையொப்பமிட்டார். அந்த நாட்டில் பிழைப்பதற்கு எஞ்சியிருந்த ஒரே சட்டபூர்வமான வழி அதுதான்.

பிறகு முழங்கை வரை கழுவிக்கொண்டு, அவளைத் தூக்கி, வெள்ளைத் துணியைச் சுற்றினார். முகத்தருகே மட்டும் இறுக்கவில்லை.

“நான் செத்துட்டேனாம்மா?” என்றாள் செவ்வந்தி.

“தாள்ல மட்டும். கொண்டுபோனது யாருன்னு யார்கிட்டயும் சொல்லிராதே. ஓடை தாண்டுற வரைக்கும் இருமிராதே.”

“இருமல்தான் எப்பவோ போயிருச்சேம்மா.”

அம்மையார் அவளைச் சவ வண்டியில் கிடத்தினார். அவர் உழவர் வீட்டில் பிறந்தவர். முக்காடிட்டுக்கொண்டு, சவ வண்டியின் மாட்டுக் கயிற்றைத் தாமே பிடித்தார். சவ வண்டி வந்தால் எல்லைக் காவலர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வது வழக்கம். அன்றும் திருப்பிக்கொண்டார்கள்.

செவ்வந்தி பிழைத்தாள். நாற்பது நாளாயிற்று. மிச்சமிருந்த ஒரு மாதக் காசநோய் மருந்தையும் அங்கேயே முடித்தாள். நோயில்லாதவர்களுக்கு எல்லையில் தடையில்லையாதலால் அத்தை கையைப் பிடித்துக்கொண்டு மகளும் போய்ச் சேர்ந்தாள். நெடுவேலியில் அவ்வாண்டு பெயரில்லாத காய்ச்சலால் ஒருவரும் இறக்கவில்லை என்று மன்னர் தமக்குத் தாமே ஒரு பதக்கம் வழங்கிக்கொண்டார்.

அன்று யார் கொண்டுவந்து விட்டார்கள் என்று செவ்வந்தி சொல்லாததால் ஆவுடைக்குக் கடைசிவரை தெரியாது. அம்மையார் கீழைக்கரை மருத்துவமனை வாசலில் மாட்டை நிறுத்தி, மணியை இரண்டு முறை அடித்தார். உள்ளே தாழ்ப்பாள் நகரும் சத்தம் கேட்டதும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, வந்த வழியே நடந்தார்.