குகைக் காவல்காரனை நான் வெட்டிய விவரம்

சேசு மரி சூசை துணை

மரக்காணம்,
19-2-1978

கப்பலில் நாற்பது பேருக்குச் சோறு வடிக்கும் என் மரியாதைக்குரிய மச்சான் இராயப்பன் அவர்களுக்கு, உங்கள் தங்கை அருள்மேரியைக் கைப்பிடித்த பாஸ்கல் பணிவோடு எழுதிக்கொள்வது. தேவமாதா தயவில் இங்கே எல்லோரும் சுகம். எந்தக் கடலில் இருந்தாலும் உங்கள் சுகத்துக்கு இரண்டு வரி எழுதிப் போடவும். நீங்கள் அமெரிக்காவிலிருந்து அனுப்பிய பார்சல் ஐப்பசியிலேயே வந்துவிட்டது. நன்றி சொல்ல நாலு மாதம் ஆனதற்குக் கோபித்துக்கொள்ளக் கூடாது. இது சட்டை அனுப்பினால் சொல்கிற நன்றி இல்லை மச்சான், கொஞ்சம் பெரிய நன்றி, அதனால்தான் தாமதம்.

பெட்டியைப் பிரித்தால் ஒரு புத்தகமும் கலர் கலராய்ப் பகடைகளும் இருந்தன, ஒன்றுக்கு நாலு முகம், ஒன்றுக்கு இருபது முகம், அடுத்த வீட்டுக் குப்புசாமி முட்டாய் என்று ஒன்றைக் கடித்துக் கடைவாய்ப் பல்லை விட்டார். உப்பளமெல்லாம் மழைத் தண்ணீரில் கிடந்தது, கம்பெனி ஆபீசில் கிளார்க்கான எனக்கே வேலை இல்லை, ஆகவே நானே புத்தகத்தைப் படித்தேன். விசித்திரமான விளையாட்டு. கட்டமும் இல்லை, காயும் இல்லை. ஒருவர் தலைவராக உட்கார்ந்து, “நீ ஒரு குகை வாசல்ல நிக்கற, இன்னா பண்ணுவ?” என்று கேட்க வேண்டும், மற்றவர்கள் வீரர்களாக மாறிப் பதில் சொல்ல வேண்டும், பலிக்குமா இல்லையா என்று பகடை சொல்லும். நான் தலைவர் ஆனேன், குப்புசாமியும் தராசுக்கார முருகையனும் வீரர்கள் ஆனார்கள். உங்கள் தங்கையும், மழைக்குக் கூரை ஒழுகுகிறதென்று எங்கள் வீட்டில் வந்து உட்கார்ந்திருந்த லூர்துமேரியும், உப்புக் கூடை சுமக்கிறவள், உங்களுக்குத் தெரியும், “நாங்களும் ஆடறோம்” என்றார்கள். நான் புத்தகத்தைத் தட்டிக் காட்டினேன். வீரன் வரும் இடமெல்லாம் இங்கிலீஷில் ‘ஹீ’ என்றுதான் இருக்கிறது, அவன் கத்தி, அவன் குதிரை, அவன் கேடயம். ஒரு இடத்தில்கூட ‘அவள்’ இல்லை. ஆகவே பெண்பிள்ளைகளுக்கு இடம் இல்லை, ரூல் ரூல்தான் என்று சொல்லிவிட்டேன்.

அன்று சாயங்காலத்துக்குள் குப்புசாமி மூன்று தரம் செத்தார். மூன்றாவது சாவை வீட்டில் போய்ச் சொல்லியிருக்கிறார் போலிருக்கிறது, அவர் சம்சாரம் அருக்காணி மழையில் நனைந்துகொண்டே வந்து, “நெத்தி நெறையப் பொட்டு வெச்சிக்கினு நிக்கறேன், என் புருஷன் செத்துட்டான்னு சொன்ன வாய் எது? வா வெளிய!” என்று தெருவே கூடும்படி சத்தம் போட்டாள். பகடைதான் கொன்றது, நான் இல்லை என்றேன். கேட்பாளா? குப்புசாமி அதோடு நின்றார், ஆட்டத்துக்கு ஆள் இல்லை. அப்போது உங்கள் தங்கை அரிசி புடைத்துக்கொண்டே என்னைக் கேட்டாள்: “ஞானோபதேசத்துல மனுஷன் பாவம் செஞ்சாத்தான் நரகம்னு சொல்லிக் குடுத்தாங்க. மனுஷின்னு யாரும் சொல்லல. அப்ப இனிமே நான் பாவசங்கீர்த்தனத்துக்குப் போவ வேணாம்தானே?” நான் பங்குச் சாமியாரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன், பாதி வழியில் அவர் என்னைத்தான் திட்டுவார் என்று தோன்றித் திரும்பி வந்து, இரண்டு பேரையும் சேர்த்துக்கொண்டேன். இதில் என் பெருந்தன்மையை நீங்கள் கவனிக்க வேண்டும்.

ஒரே வாரத்தில் உங்கள் தங்கை டிக்‌ஷனரியை வைத்துப் புத்தகம் முழுக்கப் படித்துவிட்டு, “நீங்க கதை சொல்றது ஆஜர் பட்டியல் படிக்கற மாதிரி இருக்குது, இப்டி குடுங்க” என்று தலைவர் இடத்தையும் வாங்கிக்கொண்டாள். மச்சான், சும்மா சொல்லக்கூடாது, அவள் வாயைத் திறந்தால் முருகையன் பீடி பற்ற வைக்க மறந்துவிடுகிறார். ஒரு நாள் எங்களை ஓர் உப்புக் குகைக்குக் கொண்டுபோனாள். “தரையெல்லாம் உப்பு. வெறுங்காலோட போனா தோல் உரிஞ்சிடும். வாசல்ல ஒரு காவல்காரன், பக்கத்துல பூட்ஸ் குவிச்சி வெச்சிருக்கான், கையில ஒரு ரூல் புஸ்தகம். உங்க ரெண்டு பேருக்கும் குடுத்துட்டான். லூர்துமேரிக்கு மட்டும் இல்லைங்கறான். புஸ்தகத்துல ‘ஹீ’ன்னுதான் போட்டிருக்குதாம். அவ வெறுங்காலோட உப்புல எறங்கிட்டா. இன்னா பண்றீங்க?” எனக்கு வந்ததே கோபம்! “இவன்லாம் ஒரு மனுஷனா? அந்த மடையனை ஒரே வெட்டா வெட்டறேன்!” என்று எழுந்து நின்று பகடையை வீசினேன். இருபது விழுந்தது. காவல்காரன் தலை உருண்டது.

ஒருத்தரும் கைதட்டவில்லை. முருகையன்தான் மெதுவாக, “கிளார்க்கு சார், உங்களயே நீங்க வெட்டிக்கினீங்களே” என்றார். லூர்துமேரி நீட்டியிருந்த காலைச் சட்டென்று புடவைக்குள் இழுத்துக்கொண்டாள். அதற்குள் பார்த்துவிட்டேன். குதிகால் இரண்டும் விரல் நுழையுமளவுக்குப் பிளந்து கிடந்தது. எங்கள் கம்பெனி ரூல் புத்தகத்தில் தொழிலாளி ஒவ்வொருவனுக்கும் வருஷம் ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸ் என்று இருக்கிறது, அங்கேயும் ‘ஹீ’. பதினொரு வருஷமாக ஆண்களுக்கு மட்டும் பூட்ஸ் கேட்டு மேலே அனுப்பும் இண்டென்ட் எழுதிக் கையெழுத்துப் போட்டவன் நான். பாத்தியில் நின்று வாருகிறவன் காலில் பூட்ஸ், அந்த உப்பைக் கரைக்குச் சுமக்கிறவள் காலில் ஒன்றுமில்லை. வெட்கமாக இருந்தது மச்சான்.

தை பிறந்து பாத்தி கட்டத் தொடங்கியதும் நான் நன்றாக யோசித்து ஒரு முடிவுக்கு வந்தேன். நாற்பத்திரண்டு பெண்களுக்கும் பூட்ஸ் கேட்டு நானே இண்டென்ட் எழுதி, மேனேஜர் ராஜாங்கத்தின் மேஜையில் நானே வைத்தேன். “யோவ் பாஸ்கல், ரூல்ல ‘ஹீ’ன்னு இருக்குதே, படிக்கத் தெரியாதா?” என்றார். நான் அசரவில்லை. “சார், சொல்லாம வேலைக்கு வராம நின்னா ‘அவன்’ பேர அடிக்கணும்னும் அதே புஸ்தகத்துலதான் இருக்குது. அத வெச்சி பொம்பளைங்க பேரையும்தானே அடிக்கறோம்? பேரடிக்க மட்டும் அவ அவனா? பூட்ஸ்னு வந்தா இல்லையா?” என்று கேட்டேன். ரூல் புத்தகத்தை எடுத்து அந்தப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தார். அப்புறம் கையெழுத்துப் போட்டார்.

போன திங்கட்கிழமை பூட்ஸ் வந்தது. லூர்துமேரி அதைப் போட்டுக்கொண்டு நேராக எங்கள் வீட்டுக்கு வந்தாள். வாசலில் கழற்றச் சொன்னதற்கு, “மாட்டேன் கிளார்க்கய்யா, இன்னிக்கி ஒரு நாள் உடுங்க” என்று சிரித்துக்கொண்டே உள்ளே வந்து, வீடு முழுக்கச் சேறாக்கிவிட்டுப் போனாள். அந்தச் சேற்றை நானே கழுவினேன். நீங்கள் அந்தப் பெட்டியை அனுப்பாவிட்டால் நான் இந்த வருஷமும் பழைய இண்டென்ட்டைத்தான் எழுதியிருப்பேன். அதற்காக உங்களுக்கு என் மனசு நிறைந்த நன்றி. உங்கள் கப்பலுக்கு முன்னும் பின்னும் அடைக்கல மாதா காவல் இருக்கட்டும். கரை இறங்கியதும் நேரே மரக்காணம் வாருங்கள், வஞ்சிரம் வாங்கி வைக்கிறேன்.

என்றும் உங்கள் அன்பு மாப்பிள்ளை,
பா. பாஸ்கல்

பி.கு.: ஒட்டுவதற்கு முன் கடிதத்தை உங்கள் தங்கை வாங்கிப் படித்தாள். இண்டென்ட் அவள் கையெழுத்தில்தான் இருக்கிறது என்பதையும், மேனேஜரிடம் சொன்ன பதிலை அவள் எழுதிக்கொடுத்து நான் மூன்று நாள் மனப்பாடம் செய்தேன் என்பதையும், சேற்றைக் கழுவியதும் அவள்தான் என்பதையும் சேர்க்கச் சொல்கிறாள். ஆகவே மேலே ‘நான்’ என்று பெருமையாக வரும் இடமெல்லாம் ‘அவள்’ என்று மாற்றிப் படித்துக்கொள்ளவும். காவல்காரன் வருகிற இடத்தில் மட்டும் மாற்ற வேண்டாமாம். வெட்டியவனும் நானே, வெட்டுப்பட்டவனும் நானே, அது அப்படியே இருக்கட்டும் என்கிறாள்.