ஐஸ்குழி நேர்த்தியும் இருபத்துமூன்று நாள் பூசணிக்காயும்

உடப்பு,
10.03.1994

மொன்றியலில் இருக்கும் அன்பு மருமகன் தேவசிகாமணிக்கு மாமா மார்க்கண்டு எழுதிக்கொள்வது. இங்கே கடல், கோயில், உன் தாய் மூன்றும் சுகம். அங்கே உன் மூக்கும் காதும் அந்தந்த இடத்தில் இருக்க அம்மனை வேண்டுகிறேன்.

பனிக்கால விழாவில் உறைந்த ஏரியை வெட்டிக் குழியாக்குவார்கள் என்றும், உங்கள் தமிழ்ச் சங்கத்தின் சார்பில் நீ அதற்குள் இறங்குவதாகவும் எழுதியிருந்தாய். ஏன் என்று எழுதவில்லை. முப்பத்துநாலு வருடம் படிப்பித்தவனுக்கு அது விளங்காதா? உதாரணமாக, ஆடி மாதம் நம்மூர்த் தீக்குழிக்கு முன் நிற்பவனிடம் ஏன் என்று யாரும் கேட்பதில்லை. நேர்த்திக்கடன். இங்கே நெருப்பு, அங்கே ஐஸ். அந்தந்த ஊரில் கிடைப்பதைத்தானே மிதிக்கலாம்.

இதை உன் தாய் தவமணிக்கும் விளக்கினேன். விளக்கியிருக்கக் கூடாது. "நெருப்பெண்டா கால் மட்டும்தான் அண்ணை, இது முழுப் பிள்ளையுமெல்லோ" என்று அழுதுவிட்டு, மீன்சட்டியைக் கழுவிக் கவிழ்த்துப்போட்டா. நீ இறங்கி ஏறின செய்தி வருமட்டும் வீடே விரதம். யுத்தகாலத் தபாலில் ஒரு கடிதம் வர ஐந்து கிழமை, முப்பத்தைந்து நாள். நான் இருபத்துமூன்று நாளாகப் பூசணிக்காய் சாப்பிடுகிறேன். கரைவலைக்குச் சொந்தக்காரச் சம்மாட்டி வீரகத்தி பாரை மீனைத் தூக்கிக்கொண்டு வேணுமெண்டே எங்கட வாசலால போறான்.

"மாஸ்டர், இண்டைக்கும் பூசணியோ?"

"ஓம்."

"அங்க மருமகன் குளிரில விறைக்கிறார், இங்க நீங்க மெலியிறியள். புண்ணியம் ஆருக்கு?"

உன் உடம்பு தாங்குமோ என்று டொக்டரிடம் கேட்க, நீ அனுப்பின விழாப் படத்தோடு சிலாபத்துக்கும் போனேன். சோதனைச்சாவடியில் ஆமிக்காரர் படத்தைப் பார்த்து, குழி வெட்டுகிறவர்களைக் காட்டி, பதுங்குகுழியென்று நினைத்து, "பங்கரா?" என்றார். "கோயில் காரியம், மாத்தையா" என்றேன். நெற்றியில் தொட்டுக் கும்பிட்டுத் திருப்பித் தந்தார். அதற்குமேல் டொக்டர் எதற்கென்று நானும் திரும்பிவிட்டேன்.

ஆகையால் தைரியமாக இறங்கு. இது கிடைக்கமுன் ஏறியும் இருப்பாய்; புத்திமதி பிந்தினாலும் பழுதாகாது. நேர்த்தியில் பின்வாங்குகிறவனும் பொய் சொல்லுகிறவனும் எனக்கு ஒன்றுதான். நான் பொய் சொன்னதில்லை என்பது உனக்குத் தெரியும்.

அம்மன் உன்னைச் சூடாக வைத்திருக்கட்டும்.

இப்படிக்கு,
மாமா மார்க்கண்டு

பி.கு.: உறையை ஒட்டமுன் உன் அடுத்த கடிதம் வந்தது. குளிர் கூடிப்போனதால் பனிக்கால விழாவை நிறுத்திவிட்டார்களாம். நெருப்புச் சுடுகிறதென்று நாங்கள் எந்த ஆடியிலாவது தீமிதிப்பை நிறுத்தினோமா? வழக்கம்போல உன் தாய்க்கு நான்தான் வாசித்துக் காட்டினேன். "சுகமாக இறங்கி ஏறினேன் அம்மா" என்று வாசித்தேன். தவமணி முற்றத்திலேயே விழுந்து கோயில் பக்கம் கும்பிட்டா. வீரகத்தி பாரையைத் தந்துவிட்டு இப்போதுதான் போகிறான். குழம்பு கொதிக்கிறது. ஆகவே தம்பி, இதைக் கண்டதும் எங்கேயாவது ஒரு குளிர் தண்ணீரில் இறங்கிவிடு. தேதியை நான் பார்த்துக்கொள்கிறேன்.