கஸ்தெராக் தோட்டத்து நாக்கு

சொலாஞ்சுக்கு மூக்கு அடைத்துக்கொண்டது. நாள் பார்த்து அடைத்தது பாருங்கள்! கஸ்தெராக் தோட்டத்துச் சிவப்பு ஒயினுக்கு எந்தெந்தப் பீப்பாயைக் கலப்பது என்று ருசி பார்த்து முடிவுசெய்யும் நாள் அன்று. கலவை சரியாக அமைந்தால் தோட்டத்து நிர்வாகத்தை மகள் பேருக்கே எழுதித் தருவதாக அப்பா ஆர்மான் சொல்லியிருந்தார். மதியச் சாப்பாட்டுக்கு வக்கீல் வருகிறார்.

இதற்காகத்தான் அவள் முப்பது வருஷம் கல்யாணம் காட்சி இல்லாமல் திராட்சைக் கொடிகளோடு கிடந்தாள். தம்பி தியரி பொர்தோ நகரத்தில் பல் வைத்தியன். வருஷத்துக்கு ஒருதரம் வந்து குடித்துவிட்டுப் போவான்.

காபிக்கொட்டையை முகர்ந்தாள். ஒன்றும் தெரியவில்லை. ஆவி பிடித்தாள். மூக்கு வீங்கியதுதான் மிச்சம். நிலவறை ஆள் பெர்த்ரானைத் தனியே இழுத்தாள்.

"ஏதோ ஒரு பீப்பாயில பூஞ்சை வாடைன்னு சொன்னியே, எது?"

"இடம் மாத்தி அடுக்கிட்டாங்கம்மா. மோந்து பாத்தாத்தான் தெரியும்."

"ஊத்தும்போது மோந்து பாரு. அந்தக் கிளாஸ் வந்தா காதைச் சொறி."

"எதுக்கும்மா இந்தக் கூத்து? ஐயாகிட்ட ஜலதோஷம்னு சொல்லிட வேண்டியதுதானே?"

"சொன்னா, 'பொம்பளை எதுக்குடி லாயக்கு'ன்னு தியரியக் கூப்பிடுவாரு. சொறின்னா சொறி!"

ஆர்மானின் நாக்கு என்றால் ஊரே எழுந்து நிற்கும். அப்பாவும் மகளும் ருசி பார்க்க உட்கார்ந்தார்கள். மூன்றாவது கிளாஸில் பெர்த்ரான் காதைச் சொறிந்தான். சொலாஞ் உறிஞ்சிவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

"சீ, நாத்தம்!" என்று கத்தினார் ஆர்மான். "அந்தப் பீப்பாயச் சாக்கடையில கொட்டு!"

அப்பாடா, தப்பித்தோம் என்றிருந்தது அவளுக்கு. கொட்டிவிட்டு வந்த பெர்த்ரான் முகத்தில் ஈயாடவில்லை.

"அம்மா, பனியில காது வெடிச்சு அரிச்சுதும்மா. கை தன்னால போயிடுச்சு. அது வயசான கொடியோட ஒயினு. இருக்கறதுலயே ஒசத்தி!"

அவள் அப்பாவிடம் ஓடினாள்.

"அப்பா, இன்னொரு சுத்து பாக்கலாமா?"

"என் நாக்கு மேலயே சந்தேகமா?"

ஐந்தாவது கிளாஸ் வந்தது. பெர்த்ரான் இரண்டு கையாலும் இரண்டு காதையும் பிய்த்துக்கொண்டான். பாவம், ரொம்ப அரிக்கிறது போல என்று நினைத்து, சொலாஞ் ஒயினைச் சுவைத்துப் புன்னகையோடு தலையாட்டினாள்.

"ஆகா!" என்று மேஜையைத் தட்டினார் ஆர்மான். "இதாண்டா கஸ்தெராக்! இதையே நிறையக் கலங்க!"

மதியம் வாத்து வறுவலோடு அந்தக் கலவை மேஜைக்கு வந்தது. விருந்துக்கு வந்திருந்த தியரி ஒரு வாய் குடித்துவிட்டுத் துண்டில் துப்பினான்.

"ஐயே! என்னக்கா இது, நனைஞ்ச கோணி வாடை!"

வக்கீல் கிளாஸை நாசூக்காகத் தள்ளிவைத்துவிட்டு ரொட்டியைப் பிய்த்தார். ஆர்மான் மகனையும் பார்த்தார், வக்கீலையும் பார்த்தார். பிறகு மகள் மேல் பாய்ந்தார்.

"நாக்கு செத்தவளே! என் பேரையே நாறடிச்சிட்டியேடி! வக்கீல் ஐயா, தியரி பேருக்கே எழுதுங்க."

சாப்பாட்டு முடிவில் பாலாடைக்கட்டி வருவதற்குள் கையெழுத்தே ஆகிவிட்டது.

சொலாஞ் சமையலறைக்குப் போய் உட்கார்ந்து அழுதாள். முப்பது வருஷம், ஒரு ஜலதோஷத்தில் போய்விட்டது.

"எனக்குத்தான் மூக்கடைப்பு, மாரினெத். அவரும் அதைத்தானே குடிச்சாரு? அவரும்தானே 'ஆகா'ன்னாரு?"

சமையல்காரி மாரினெத் கையைத் துடைத்துக்கொண்டு, கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"ஐயா ஏணியிலேருந்து விழுந்தாரே, அன்னிக்கே மூக்குல வாசனை தெரியாமப் போயிடுச்சும்மா. ஒன்பது வருஷமா உங்க மூஞ்சியப் பாத்துத்தான் ருசி சொல்லிக்கிட்டிருக்காரு."