சோக்கா ஓடிய கார்

என்னைப் போன்ற கூச்சக்காரனைப் பார்த்து ஊரார் "அடக்கமான பொடியன்" என்பார்கள். அடக்கமும் இல்லை, ஒன்றும் இல்லை. வாயைத் திறந்தால் என்ன வரும் என்று எங்களுக்கே தெரியாது. அதனால் மூடி வைத்திருக்கிறோம். நான் அப்படி மூடி வைத்திருந்ததில் தேங்காய்ப்பாலில் அவித்த அரைச் சட்டி வட்டிலப்பம் வீணானது. என் மாமனாரும் பொத்துவில் ஊருக்குள் கயிற்றில் கட்டி இழுத்து வரப்பட்டார்.

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டில் போய் இருக்க வேண்டும். கல்முனையில் அப்படிப் போய் இருந்த புதிதில் நான் பேசிய ஒரே சொல் "ஓம்". சோறு போடவா? ஓம். போதுமா? ஓம். (இந்த இரண்டு ஓமில் எதை முதலில் சொன்னேன் என்பதைப் பொறுத்து அன்றைக்குப் பசி அல்லது வயிற்று வலி.)

ஐந்தாம் வகுப்போடு நான் கார் பழுதுபார்க்கும் கராச்சில் வேலைக்குப் போனவன். கராச் என்றாலும் என் வேலை டிங்கரிங், அதாவது நசுங்கிய தகட்டைத் தட்டி நிமிர்த்துவது. பொனட்டை நேராக்குவேன். பொனட்டுக்குக் கீழே இருப்பது எனக்கு அடுத்த வீட்டு அடுப்படி மாதிரி. எட்டிப் பார்ப்பது மரியாதை இல்லை. கலியாணம் பேசியவரோ பெண் வீட்டில் "மாப்பிள்ளைக்கு கராச் வேலை" என்று மட்டும் சொல்லி வைத்திருந்தார். அவர்கள் என்னை மெக்கானிக் என்று நினைத்தார்கள். நான் திருத்தவில்லை. திருத்துவதற்கு "ஓம்" போதாது.

மாமாவிடம் ஒரு பச்சை மொரிஸ் மைனர் கார் இருந்தது. அவரைவிடக் கொஞ்சம்தான் இளையது. ஓடும், ஆனால் பின்னால் கறுப்புப் புகையும் சேர்ந்து வரும். மாமியின் காக்கா, அதாவது அண்ணன், பொத்துவிலில் வயல் செய்கிறவர். புது மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் விருந்து வைக்க அழைத்தவர், போகிற போக்கில், "பஸ்ஸில வாங்க மச்சான், உங்கட கார் அக்கரைப்பற்றத் தாண்டாது" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து மாமா அவருடைய பெயரையே சொல்வதில்லை. "பொத்துவிலான்" என்பார்.

"மருமகன், காபரேட்டர ஒருக்கா டியூன் பண்ணித் தாங்க. அந்தப் பொத்துவிலான்ட வாசல்ல கொண்டு போய் நிப்பாட்டணும்."

"ஓம் மாமா."

காபரேட்டர் என்பது பெற்றோலையும் காற்றையும் கலந்து என்ஜினுக்கு ஊட்டுகிற சாமான். பெற்றோல் கூடினால் கறுப்புப் புகை, காற்று கூடினால் இருமல். அந்தக் காரில் அதன் அடியில் ஒரு நட் இருந்தது. மேலே ஏற்றினால் பெற்றோல் குறையும், கீழே இறக்கினால் கூடும். எங்கள் கராச்சில் பாஸ் கண்ணை மூடி, தலையைச் சரித்து, சத்தத்தைக் கேட்டுக் கேட்டு அதைத் திருப்புவதைத் தூரத்திலிருந்து பார்த்திருக்கிறேன். அதில் கண்ணை மூடுவதும் தலையைச் சரிப்பதும் எனக்கு நன்றாக வந்தன.

இன்னொரு விசயம் இருக்கிறது. குளிர்ந்த என்ஜினை எழுப்ப, சாரதிக்கு முன்னால் ஒரு குமிழ் உண்டு. அதன் பெயர் சோக். இழுத்தால் கூடுதலாகப் பெற்றோல் போகும். என்ஜின் சூடானதும் உள்ளே தள்ளிவிட வேண்டும். தள்ளிய பிறகுதான் டியூன் பண்ண வேண்டும். நான் இழுத்தபடியே விட்டுவிட்டு, கூடுதலாக வந்த பெற்றோலை எல்லாம் அந்த நட்டை ஏற்றி ஏற்றிக் குறைத்தேன். புகை நின்றது. என்ஜின் தையல் மெசின் மாதிரி ஓடியது. எனக்கே என் மேல் மரியாதை வந்தது.

மாமா தேத்தண்ணிக் கோப்பையோடு வெளியே வந்தார்.

"சோக்கா மருமகன்?"

எங்கள் ஊரில் சோக்கு என்றால் அருமை, பிரமாதம். அவர் அதைத்தான் கேட்டார். சோக்கில் ஓடுகிறதா என்று கேட்கிறார் என நான் நினைத்தேன். இழுத்துத்தானே இருக்கிறது.

"ஓம் மாமா. சோக்குத்தான்."

அவர் முகம் மலர்ந்தது. நான் அந்த வீட்டில் பேசிய முதல் நீளமான வாக்கியம் அது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து புறப்பட்டோம். மாமா ஓட்டினார், நான் முன்னால். பின்னால் என் மனைவி ஜெசீமாவும், மடியில் வட்டிலப்பச் சட்டியோடு மாமியும். மாமா சோக்கை இழுத்து ஸ்டார்ட் பண்ணியவர், சந்தோசத்தில் தள்ள மறந்துவிட்டார். அக்கரைப்பற்றைத் தாண்டியதும் ஹோர்ன் அடித்தார். குறுக்கே ஆளும் இல்லை, மாடும் இல்லை. பொத்துவிலானுக்காக அடித்தது. திருக்கோவில் ஊரும் கடந்து போனது. கோமாரி நெருங்கும்போது, பொத்துவிலானின் முகம் எப்படி இருக்கும் என்று மாமிக்கு விளக்கிக்கொண்டே, கை பழக்கத்தில் அந்தக் குமிழை உள்ளே தள்ளினார்.

கார் இருமியது. குலுங்கியது. படார் என்று ஒரு வெடி. நின்றுவிட்டது. மாமியின் சட்டியிலிருந்த பாதி வட்டிலப்பம் மாமாவின் பிடரியில் இருந்தது.

எனக்கு அப்போதுதான் பிடிபட்டது. சோக்கை இழுத்தால் ஓடும். (சூடான என்ஜினுக்குச் சோக் இழுக்கிறவன் மடையன் என்பது மாமாவின் கொள்கை. அவராக இழுக்கப் போவதில்லை.) தைரியத்தை எல்லாம் திரட்டிச் சொன்னேன்.

"சோக்கு மாமா."

மாமா மெதுவாகத் திரும்பினார். "என்ன?"

"சோக்கு... சோக்கு மாமா!"

மாமி புது மருமகனோடு நேரே கதைக்கமாட்டார். "கேளு மகள், நடு வெயில்ல நிக்கம். உன்ட மாப்பிள்ளைக்கு என்ன சோக்காம்?"

"வட்டிலப்பத்தச் சொல்றார் போல," என்றார் மாமா, பிடரியை வழித்துக்கொண்டே.

அதற்குப் பிறகு நான் வாய் திறப்பேனா? மாமா பொனட்டைத் திறந்து பார்த்தார், மூடினார், திறந்தார். இதற்கிடையில் மாமி போனில் தன் காக்காவுக்குச் சொல்லிவிட்டார். பொத்துவிலான் வயல் டிரக்டரில் வந்து இறங்கினார்.

"நல்லா வந்திரிக்கே மச்சான்! கோமாரி மட்டுக்கும்!"

கயிறு கட்டினார்கள். டிரக்டர் இழுத்தது. மாமி முன்னால் ஏறிக்கொண்டதால் பின் இருக்கைக்குப் போன நான், ஜெசீமாவின் காதுக்குள் விசயத்தைச் சொன்னேன். அவள் முன்னால் எட்டினாள்.

"வாப்பா, அந்தச் சோக் குமிழ ஒருக்கா இழுக்கச் சொல்றார்."

மாமா இழுத்தார், திறப்பைத் திருப்பி ஸ்டார்ட் பண்ணினார். கார் தையல் மெசின் மாதிரி ஓடத் தொடங்கியது. கயிறு தொய்ந்தது. டிரக்டரை நிற்பாட்டச் சொல்லி மாமா ஹோர்ன் அடித்தார். டிரக்டர் இரைச்சலில் பொத்துவிலானுக்கு அது மாப்பிள்ளை ஊர்வலம் மாதிரிக் கேட்டிருக்க வேண்டும். திரும்பிப் பார்த்துக் கையை ஆட்டிவிட்டு இன்னும் விரட்டினார். மாமா விடாமல் அடித்தார். அவரும் விடாமல் கையை ஆட்டினார். பொத்துவில் கடைத்தெருவில் ஆட்கள் வேலையை விட்டு வெளியே வந்து பார்த்தார்கள். நன்றாக ஓடுகிற ஒரு காரை இழுத்துக்கொண்டு போவதை அவர்கள் முன்பு கண்டதில்லை.

வாசலில் பொத்துவிலான் இறங்கி வந்து, "கார் எப்புடி மச்சான்?" என்றார்.

மாமா கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"சோக்கு."

அந்தச் சொல்லை எங்கள் வீட்டில் அதற்குப் பிறகு யாரும் நேரான அர்த்தத்தில் பாவித்ததில்லை. கறி கருகினால் சோக்கு. கரண்ட் போனால் சோக்கு. போன மாதம் எங்கள் மகளுக்குக் கலியாணம் முடிந்து மருமகன் வீட்டுக்கு வந்தார். அவரும் பேசாத பிள்ளை. என் மாமி தன் கையால் அவித்த வட்டிலப்பத்தில் மருமகன் ஒரு வாய் வைத்து, எங்கிருந்தோ தைரியம் வரவழைத்து, "சோக்கா இரிக்கி மாமி," என்றார் என் மனைவியிடம்.

வீடே உருண்டு சிரித்தது. மாமா இருமும் வரை சிரித்தார். மருமகன் முகம் வெளுத்து, கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். விளங்கப்படுத்தத்தான் வாயைத் திறந்தேன்.

"ஓம்," என்றேன்.